தம் கட்டித் தூக்கலாமா?

எடை தூக்கிப் பழகுகிறவர்களுக்கு அறிவுரை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஜிம் மாஸ்டர் சொல்வார்: "மூச்சை நல்லா இழுத்து வயித்துல பிடி. விடாத. அப்பதான் முதுகு நிக்கும்." டாக்டர் சொல்வார்: "வெயிட் தூக்கறப்ப மூச்சை மட்டும் பிடிக்கவே பிடிக்காதீங்க. பிரஷர் எகிறிடும்." இரண்டு பேரும் தங்கள் தொழில் தெரிந்தவர்கள்தான். பேசுவதும் ஒரே செயலைப் பற்றித்தான். ஒருவர் கட்டாயம் செய் என்கிறார், மற்றவர் செய்யவே செய்யாதே என்கிறார்.

கொஞ்ச நாளாக இதோடு மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. எடை தூக்கினால் ரத்தக்குழாய் கெட்டியாகிவிடும், ஆராய்ச்சியிலேயே இருக்கிறது என்று. ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். அதில் என்ன இருக்கிறது, மூச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான குறிப்பு. பொறுமையாகப் படியுங்கள்.

தம் கட்டுவது என்றால் என்ன?

இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. 'தம் கட்டுவது' என்று ஏற்கெனவே சொல்கிறோம். மூட்டையை முதுகில் ஏற்றும் நொடியில் சுமை தூக்கும் தொழிலாளி செய்வது அது. பிரசவ அறையில் "முக்கும்மா" என்கிறார்களே, அதுவும் அதுதான். மலச்சிக்கல்காரர் காலையில் படும் பாடும் அதேதான். உடலியல் கணக்கில் எல்லாம் ஒன்று: குரல்வளையை மூடிக்கொண்டு, மூடிய கதவுக்கு எதிராக மூச்சை வெளியே தள்ளுவது.

மருத்துவத்தில் இதற்கு வல்சால்வா உத்தி என்று பெயர். அந்தோனியோ மரியா வல்சால்வா (1666–1723) இத்தாலியின் பொலோன்யா நகரத்து உடற்கூறியல் அறிஞர். 1704இல் காதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு உள்ளே ஊதினால் காதில் கட்டியிருக்கும் சீழ் வெளியேறும் என்று அதில் எழுதினார். விமானம் இறங்கும்போது காது அடைத்தால் நாம் செய்வதும் இதைத்தான். மனிதருக்கும் எடைப் பயிற்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, இது ஏன் எடை தூக்க உதவுகிறது? முதுகெலும்பு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைத்த எலும்புத் துண்டுகள். அந்த அடுக்கு சரியாமல் இருக்க நாலா பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். நுரையீரலில் காற்றை நிரப்பி, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசையை இறுக்கினால், உதரவிதானம் கீழ்நோக்கி அழுத்தும். வயிறு காற்றடைத்த பந்து மாதிரி ஆகிவிடும். மூடி திறக்காத பிளாஸ்டிக் சோடா பாட்டிலைக் கையால் நசுக்கிப் பாருங்கள், நசுங்காது. மூடியைத் திறந்துவிட்டு அழுத்தினால் சப்பென்று ஒடுங்கிவிடும். இடுப்பில் கட்டும் பெல்ட்டும் இதற்குத்தான்: வயிறு முட்டி அழுத்த ஒரு சுவர் வேண்டும்.

ஆக, மாஸ்டர் சொல்வதில் பொய் இல்லை. 120 கிலோ டெட்லிஃப்ட் செய்கிற ஒருவர் பாதித் தூக்கலில் காற்றை விட்டால், திறந்த பாட்டில் கதைதான்.

உள்ளே பிரஷர் எவ்வளவு போகிறது?

இப்போது டாக்டர் பக்கம் வருவோம்.

கையில் பட்டை சுற்றி அளக்கிற பிரஷர் கருவி, கனமான எடையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது உதவாது. அது காற்றை ஏற்றி இறக்குவதற்குள் செட் முடிந்துவிடும். சரியாக அளக்க வேண்டுமானால் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாயைச் செருகி, துடிப்புக்குத் துடிப்பு பதிவு செய்ய வேண்டும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மக்டூகலும் சகாக்களும் அதைத்தான் செய்தார்கள். முடிவு 1985இல் வெளிவந்தது. ஐந்து பாடிபில்டர்கள், மேற்கைத் தமனியில் குழாய். இரண்டு கால்களாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது.

சாதாரணமாக 120/80 என்று பேசுகிறோம். 180ஐத் தாண்டினாலே மருத்துவமனையில் முகம் மாறும். அந்த அளவுகோலில் 480 என்பது ஏதோ அச்சுப் பிழை போலத் தெரியும். பிழை இல்லை. சில நொடிகளுக்கு அவ்வளவு போகிறது, எடையை வைத்ததும் இறங்கிவிடுகிறது.

இவ்வளவு ஏறுவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை நசுக்குகிறது. தண்ணீர் ஓடும் ஹோஸைக் காலால் மிதித்த மாதிரி, பின்னால் அழுத்தம் ஏறும். இரண்டு, கடும் முயற்சியின்போது நரம்பு மண்டலமே இதயத்தை வேகப்படுத்தி, பல இடங்களில் குழாய்களைச் சுருக்குகிறது. மூன்றாவதுதான் தம் கட்டுவது. மார்புக்குள் ஏறும் அழுத்தம் அங்கிருக்கும் இதயத்தையும் பெருந்தமனியையும் வெளியிலிருந்து அமுக்க, அந்த அழுத்தம் அப்படியே ரத்தத்தில் கூடிவிடுகிறது.

மூன்றாவதன் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 1995இல் வந்தது. நார்லாக், பிராண்ட்ஸ்டேட்டர் என்ற இருவர் செய்தது. பத்து ஆண்கள், அதே லெக் பிரஸ், இவர்களுக்கும் தமனிக்குள் குழாய். ஒருவரால் ஒரே ஒரு முறை மட்டும் தள்ள முடிகிற உச்ச எடையைத் தம் கட்டித் தள்ளியபோது சராசரி 311/284. அதே எடையை, மெல்ல மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தள்ளியபோது 198/175.

எடை ஒன்று, ஆட்களும் அதே ஆட்கள். தொண்டைக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது மட்டும்தான் வித்தியாசம். மேல் பிரஷரில் மட்டும் 113 புள்ளி இறங்கியிருக்கிறது. பிரஷருக்கான மாத்திரை எதுவும் இப்படி ஒரு வேலையை ஒரு நொடியில் செய்யாது. டாக்டர் சொல்வதிலும் பொய் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே தள்ளினாலும் 198. அதாவது தசையும் நரம்பும் தங்கள் பங்கை ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. மூச்சை விட்டால் பிரஷரே ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தமனி இறுகுவது என்றால்?

இது கொழுப்பு படிந்து அடைப்பு உண்டாவது அல்ல. அது வேறு நோய். இங்கே பேசுவது குழாயின் சுவர் நெகிழ்வை இழப்பதைப் பற்றி.

இதயம் விட்டு விட்டுத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் வேண்டியது ஒரே சீரான ஓட்டம். நடுவில் இருந்து இதைச் சமன் செய்வது பெருந்தமனி. இதயம் தள்ளும்போது ரப்பர் மாதிரி விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை முன்னே அனுப்பும். ஸ்டீபன் ஹேல்ஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தீயணைப்புப் பம்புகளில் இருந்த காற்று அறையோடு ஒப்பிட்டார். 1899இல் ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் இதற்குக் கணிதம் எழுதினார்.

இந்த நெகிழ்வைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். சிறு வயதில் உடம்பு இதை உற்பத்தி செய்து முடித்துவிடுகிறது. பிறகு புதிதாகச் சேர்ப்பது மிகச் சொற்பம். நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு என்று வருடக்கணக்கில் விரிந்து சுருங்கி, அந்த இழைகள் நைந்து போகின்றன. அவற்றின் இடத்தில் சுமையைத் தாங்க வருவது கொலாஜன், இது விறைத்த சரக்கு. சைக்கிள் டியூபாக இருந்தது மெல்ல மெல்ல ஜிஐ பைப் ஆகிறது.

இதை அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாடித் துடிப்பு ஒரு அலையாகத்தான் குழாய் வழியே ஓடுகிறது. குழாய் எவ்வளவு இறுக்கமோ, அலை அவ்வளவு வேகம். கழுத்தில் ஒரு உணர்கருவி, தொடை மடிப்பில் ஒன்று வைத்து, இடைப்பட்ட தூரத்தை அலை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு நொடிக்கு 5, 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வந்த கணக்கு ஒன்று, வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடினால் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் சுமார் 14 சதவீதம் கூடுகின்றன என்றது. வயதானவர்களுக்கு மேல் பிரஷர் மட்டும் 160, 170 என்று நிற்பதும், கீழ் பிரஷர் 70இலேயே இருப்பதும் பெரும்பாலும் இந்த இறுக்கத்தின் வேலைதான்.

எடைப் பயிற்சி இறுக்குகிறதா?

2004இல் ஜப்பானின் மியாச்சி குழு வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பேச்சையெல்லாம் பெரிதாக்கியது. 20 முதல் 38 வயது வரையிலான 28 ஆரோக்கியமான ஆண்கள். பாதிப் பேர் நான்கு மாதம் கனமான எடைப் பயிற்சி செய்தார்கள், பாதிப் பேர் சும்மா இருந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் கழுத்துத் தமனியின் நெகிழ்வு 19 சதவீதம் குறைந்தது. அடுத்த நான்கு மாதம் பயிற்சியை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது.

அடுத்த வருடமே, முன்பு சொன்ன மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இளம் ஆண்கள், 12 வாரம், உடம்பு முழுவதற்கும் எடைப் பயிற்சி. அதே கழுத்துத் தமனியை அளந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

இரண்டையும் படித்துவிட்டு ஒன்றை மட்டும் ஃபார்வர்ட் செய்வது சுலபம். இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தால்தான் விஷயம் பிடிபடும். பிறகு வந்த ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது: கடும் எடையில், இளைஞர்களிடத்தில்தான் இறுக்கம் கூடுவது தென்படுகிறது. மிதமான எடையில் அப்படித் தென்படவில்லை.

இதோடு ஒகமோட்டோ குழுவின் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009இல் வந்தது, கைகளுக்கும் தோளுக்குமான பயிற்சி தமனியை இறுக்குகிறது, கால்களுக்கான பயிற்சி இறுக்கவில்லை என்றது. 2007இல் வந்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. ஒரு குழு முதலில் ஓடிவிட்டு எடை தூக்கியது. இன்னொரு குழு எடை தூக்கிவிட்டு ஓடியது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், கடைசியில் ஓடியவர்களின் தமனி முன்னைவிட நெகிழ்ந்திருந்தது. முதலில் ஓடியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை.

மூச்சு எங்கே வருகிறது?

இங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன். பலர் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது.

குழாயின் சுவரை இழுத்து நீட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தம் மட்டும் இல்லை. உள் அழுத்தத்தில் வெளி அழுத்தத்தைக் கழித்தால் வருகிற மிச்சம்தான் சுவரை நீட்டுகிறது. சைக்கிள் டியூப் வெளியே கிடக்கும்போது நாலு அடி பம்ப் அடித்தாலே பலூன் மாதிரி உப்பும். அதே டியூப் டயருக்குள் இருந்தால் எத்தனையோ மடங்கு அழுத்தத்தைத் தாங்கும். சுற்றிலும் டயர் முட்டுக் கொடுக்கிறது.

தம் கட்டும்போது மார்பும் வயிறும் டயர் ஆகின்றன. ஒரு பேச்சுக்கு, பெருந்தமனிக்குள் 250 இருக்கிறது, மார்புக்குள் 100 ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்புக்குள் இருக்கும் தமனிச் சுவர் உணர்வது 150தான். கனடாவின் ஹேக்கோவ்ஸ்கி குழு 2001இல் காட்டியது இதற்கு ஒத்துப் போகிறது. லெக் பிரஸ்ஸின்போது ஒரு கணம் தம் கட்டுகையில், ரத்த அழுத்தம் ஏறினாலும் இதயச் சுவர் மீதான இழுவிசை அந்த அளவுக்குக் கூடவில்லை. மண்டை ஓட்டுக்குள்ளும் இதே கதைதான். தம் கட்டும்போது மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தமும் கூடவே ஏறுவதால், அங்கும் குழாய்களுக்கு ஓரளவு முட்டுக் கிடைக்கிறது.

கழுத்துக்கு இந்த டயர் கிடையாது. மார்புக்கும் மண்டைக்கும் நடுவே, தோலுக்கும் மெல்லிய தசைக்கும் கீழே ஓடுகிறது கழுத்துத் தமனி. 250 என்றால் அது 250ஐயும் தாங்க வேண்டும். தம் கட்டித் தூக்குகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிவது சிரை. அதற்கு அடியில் தமனியும் நீண்டுகொண்டிருக்கிறது. மியாச்சி குழு அளந்ததும் அந்தக் கழுத்துத் தமனியைத்தான்.

அப்படியானால் குற்றவாளி மூச்சுதானா? அவசரப்படக் கூடாது. மேலே சொன்னதிலேயே எதிர்ச் சாட்சி இரண்டு இருக்கிறது.

முதலாவது, கால்களா கைகளா என்ற விஷயம். 480 வரை பிரஷர் ஏறியது லெக் பிரஸ்ஸில். அந்தக் கண நேர உச்சம்தான் தமனியை இறுக்குகிறது என்றால், கால் பயிற்சிதான் அதிகம் இறுக்கியிருக்க வேண்டும். இறுக்கியது கை, தோள் பயிற்சி.

இரண்டாவது, நான்கு மாதத்தில் திரும்பிவிட்டது என்ற விஷயம். நைந்த எலாஸ்டின் நான்கு மாதத்தில் மறுபடி முளைக்காது. ஆகவே அந்த இளைஞர்களுக்குக் குறைந்த 19 சதவீதத்தில் பெரும்பங்கு சுவர் சேதமாக இருக்க முடியாது. தமனிச் சுவரில் தசையும் இருக்கிறது. நரம்பு மண்டலம் எப்போதும் கொஞ்சம் முறுக்கேற்றி வைத்திருந்தால் அந்தத் தசை இறுகி நிற்கும். முறுக்கைத் தளர்த்தினால் சுவரும் தளரும். கடும் பயிற்சி அந்த முறுக்கை ஏற்றுகிறது, பயிற்சிக்குப் பிறகு ஓடுவதும் நடப்பதும் அதை இறக்குகிறது என்று எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன ஆய்வுகள் ஒரு ஒழுங்குக்கு வருகின்றன.

ஒரே ஒரு நாள் பயிற்சியிலும் இதைப் பார்க்க முடிகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2005இல், எடைப் பயிற்சி முடித்தவர்களின் கழுத்துத் தமனியை அளந்தார்கள். முடித்த உடனேயும், அரை மணி கழித்தும் நெகிழ்வு குறைந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் பழைய நிலை. சேதமான குழாய் ஒரு மணி நேரத்தில் சரியாகாது. இறுகியது தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் கணிப்பு இதுதான். உச்சப் பிரஷர் எவ்வளவு உயரம் போகும் என்பதை மூச்சு தீர்மானிக்கிறது. தமனி நாளடைவில் இறுகுமா என்பதில் மூச்சு ஒரு பங்காளி மட்டும். பெரிய பங்கு எடையின் கனத்துக்கும், ஒவ்வொரு செட்டையும் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறோம் என்பதற்கும், எடையோடு நடையோ ஓட்டமோ சேர்கிறதா என்பதற்கும் உண்டு. படகு வலிப்பவர்களைப் பாருங்கள். உடம்பு முழுக்க பலப் பயிற்சி, அதோடு மூச்சு வாங்கும் நீண்ட உழைப்பு. 2006இல் அவர்களை அளந்தபோது, உடற்பயிற்சி இல்லாத அதே வயதுக்காரர்களைவிடக் கழுத்துத் தமனி நெகிழ்வாகவே இருந்தது.

கடைப்பிடிக்க முடியாத அறிவுரை

"மூச்சைப் பிடிக்கவே கூடாது" என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் உச்ச பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டிய எடையில் குரல்வளை தானாக மூடிக்கொள்ளும். தடுக்க நினைத்தாலும் ஒரு கணமாவது மூடும். அதைவிடக் குறைந்த எடையிலும், இனி ஒரு ரெப் கூட முடியாது என்ற நிலைக்கு வந்தால் இதே கதை. கடைசி ரெப்பில் ஜிம்மில் கேட்கும் உறுமல், மூடிய கதவை உடைத்துக்கொண்டு வருகிற காற்றுதான்.

ஆகவே, தம் கட்ட வேண்டாம் என்றால் அதற்கான இடம் தொண்டை அல்ல. எடைத் தட்டை மாட்டும்போதே அது முடிவாகிவிடுகிறது. கனத்தைக் குறைத்து, இரண்டு மூன்று ரெப் கையில் மிச்சம் இருக்கும்போதே செட்டை முடித்தால், மூச்சு தானே திறந்திருக்கும்.

கனமாகத்தான் தூக்குவேன் என்கிற ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரு கணம் தம் கட்டுவதில் தவறில்லை. எடை நகர மறுக்கும் அந்த இடத்தைக் கடக்கும்வரை பிடித்து, கடந்ததும் வாய் வழியே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ரெப்புக்கும் புது மூச்சு. நாலு ரெப்பை ஒரே மூச்சில் முடிப்பது வேண்டாத வேலை. நீண்ட நேரம் பிடித்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். விடும் நொடியில் பிரஷர் சட்டென்று சரியும். பளுதூக்கும் போட்டிகளில் சிலர் பாரை வைத்ததும் தள்ளாடுவதும், மயங்கி விழுவதும் இதனால்தான்.

சிலருக்கு அந்த ஒரு கணமும் கூடாது. கட்டுக்குள் வராத பிரஷர், பெருந்தமனி வீக்கம், சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்த நிலை, சமீபத்தில் செய்த கண் அறுவை சிகிச்சை, குடலிறக்கம் ஆகியவை இருப்பவர்கள். 2003இல் யேல் பல்கலைக்கழகத்தின் இதய அறுவை மருத்துவர் எலெஃப்டீரியடீஸும் சகாக்களும், கடும் முயற்சியின்போது பெருந்தமனி கிழிந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். தங்களுக்குப் பெருந்தமனி வீங்கியிருந்தது என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஆகியிருந்தால், கனமான எடைக்குப் போகும் முன் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மார்பு என்ற டயர் கொடுக்கும் முட்டுக்கும் ஒரு எல்லை உண்டு.

அத்தானுக்குச் சொன்னது

என் அக்கா வீட்டுக்காரருக்கு 52 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வருடமாக எடைப் பயிற்சி செய்து வருகிறார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொள்வதும் நின்றுவிட்டது. அவருக்கும் அந்த ரத்தக்குழாய்ச் செய்தி வந்து சேர்ந்தது. "நிறுத்திடலாமா மாப்ளே? இந்த வயசுல எதுக்கு வம்பு?" என்று போனில் கேட்டார்.

"வேண்டாம் அத்தான், நிறுத்தாதீங்க" என்றுதான் சொன்னேன். காரணங்களும் சொன்னேன். தசை கூடினால் சர்க்கரையைச் செலவழிக்கும் இடம் கூடுகிறது. தொடர்ந்து எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஓய்வு நேரப் பிரஷர் கூடுவதில்லை, கொஞ்சம் குறையவே செய்கிறது. வாரம் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கமே சொல்கிறது. இறுக்கம் கூடியதாகக் கண்டது கடும் எடை தூக்கிய இளைஞர்களிடம். அவர் தூக்குவது மிதமான எடை.

மாற்றச் சொன்னது நாலு விஷயம். பன்னிரண்டு பதினைந்து ரெப் வருகிற எடையே போதும், ஐந்து ரெப்பில் மூச்சு முட்டுகிற எடை வேண்டாம். தூக்கும்போது வாய் வழியே மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். நடையைப் பயிற்சிக்கு முன்னால் முடிக்காமல் பின்னால் தள்ளி, இருபது முப்பது நிமிடம் நடக்க வேண்டும். கடைசியாக, இதையெல்லாம் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டு, கண்ணின் விழித்திரையை இந்த மாதமே காட்ட வேண்டும். சர்க்கரைக்காரர்கள் தள்ளிப்போடுகிற வேலை அது. அவரும் இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டிருந்தார்.

தொண்டை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூச்சை விட்டுக்கொண்டுதான் தூக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே பலர் தம் கட்டுகிறார்கள். எடை நகரத் தொடங்கும் அந்த அரை நொடியில் கதவு மூடுவது நமக்கே தெரியாது. கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வாய்விட்டு எண்ணினால் போதும். குரல்வளை மூடியிருக்கும்போது குரல் எழும்பாது. படகு தள்ளுகிறவர்களும் தேர் இழுக்கிறவர்களும் இழுக்கும் நொடியில் சத்தம் போடுவது எல்லோரும் ஒரே தாளத்தில் இழுப்பதற்காகத்தான். ஆனால் "ஐலசா" என்று கத்திக்கொண்டிருக்கிறவரால் அந்த நேரத்தில் முழுசாகத் தம் கட்ட முடியாது.

அடுத்த முறை டம்பெல்லைத் தூக்கும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி எண்ணிப் பாருங்கள். தூக்குகிற பாதியில் எண்ண வேண்டும், இறக்கும்போது இல்லை. பன்னிரண்டு வரை குரல் தெளிவாக வந்தால் எடை சரி. எட்டாவது எண்ணிலேயே குரல் நெரிந்து நின்றுவிட்டால், அந்த எட்டோடு செட்டை முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த செட்டுக்கு ஒரு தட்டைக் கழற்றிவிடுங்கள்.